நூறு பேருக்கு எத்தனை காயம்

1

இது என் சொந்தச் சரக்கில்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் என் அக்கா சாப்பாட்டு மேசையில் சொன்னது. நான் இப்படி ஆரம்பித்தேன்:

வெட்டும் இயந்திரத்தின் அடியில் ஒரு விரல்—

"அடிச்சிடு" என்றாள் அக்கா, எட்டிப் பார்த்து. "எங்க கம்பெனியில யாருக்கும் விரல் போகல. உன் கதையிலதான் ஆளுங்க பொசுக்கு பொசுக்குனு போயிடுறாங்க."

(எண்ணிப் பார்த்தேன். கடைசிப் பத்துக் கதைகளில் நான்கு சாவு. இதற்குத் தேசிய சராசரி எவ்வளவோ, தெரியவில்லை.)

2

சரி, விரல் வேண்டாம். ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். பெட்டிகளை வாங்கும் பெரிய நிறுவனம் எழுதியிருந்தது: உங்கள் விபத்து விகிதம் தேசிய சராசரியைத் தாண்டினால் ஆர்டர் பாதிதான். பாதி ஆர்டர் என்றால் இரண்டாம் ஷிப்ட் கிடையாது. அதில் வேலை செய்யும் நூற்று முப்பது ஒப்பந்தத் தொழிலாளர்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

தேசிய சராசரி, வருடத்துக்கு நூறு பேருக்கு 3.1 காயம். அக்கா கணக்குப் போட்டாள். ஏழு காயம், நூற்றிருபது பேர்: 5.8. மறுபடி போட்டாள். எண் அசையவில்லை.

3

மேலாளர் பதறவில்லை. [இவரை வில்லனாக்கப் பார்த்தேன், மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. ஷிப்ட் ஓடவேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை.]

"ஏம்மா, ஏழுல நாலு பேரு நம்ம ஆளே இல்லையே. கான்ட்ராக்ட். எடுத்துட்டுப் போடுங்க."

மூன்று காயம், நூற்றிருபது பேர்: 2.5. கதையை இங்கேயே முடித்திருக்கலாம். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"அந்த நாலு பேருக்கும் கட்டுப் போட்டதே நான்தான் சார். எப்படி இல்லைன்னு எழுதுறது?"

"அப்போ நூத்து முப்பது பேருகிட்டயும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க, வேலை இல்லைன்னு."

மேலாளர் மனம் திருந்தி— (இல்லை, அப்படி நடக்கவில்லை.)

4

நூற்று முப்பது. அவர்களை எங்கே எண்ணினோம்?

ஆள் கணக்கை அக்கா சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தாள். அதில் நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும்தான். காயப் பதிவேட்டிலோ இரண்டு ஷிப்டும் இருந்தது. அடிபட்ட நான்கு பேரைச் சேர்த்துவிட்டு, அடிபடாமல் வருடம் முழுக்க உழைத்தவர்களை விட்டிருக்கிறாள்.

வாசல் காவலரிடம் ஓடினாள். "அண்ணே, கான்ட்ராக்ட் வருகை நோட்டு வேணும்."

"பன்னிரண்டு நோட்டும்மா. இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல. இருங்க, தூசு தட்டித் தர்றேன்."

மாதத்துக்கு ஒரு நோட்டு. பன்னிரண்டு மாதமும் நூற்று முப்பதுக்குக் குறையவில்லை. ஏழு காயம், இருநூற்றைம்பது பேர்: 2.8.

காவலரின் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ("அழுதாள்" என்று எழுதியிருந்தேன். "சிரிச்சேன்டா, லூசு" என்று திருத்தினாள்.)

5

மேலாளர் கையெழுத்துப் போட்டார். ஆர்டர் முழுசாக வந்தது. அன்று மாலை அக்கா இரண்டாம் ஷிப்டுக்குள் நுழைந்தாள். பசை இயந்திரத்தருகே நின்ற பெண் திடுக்கிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

"என்ன மேடம், யாருக்கு அடிபட்டுச்சு?"

"யாருக்கும் இல்ல. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அதற்கு அந்தப் பெண் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். அக்காவும் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். நீங்கள் எழுதிப் பாருங்கள். அவசரமில்லை, ஷிப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.