மேல்குளத்தில் பத்து கஜம்

பெட்டி வேலை செய்யாவிட்டால் கடைச் சாவி பலீல் மாமாவின் கைக்குப் போகும். வேலை செய்தால், அதன்பிறகு கடையைப் பற்றி மாமா வாயே திறக்கக் கூடாது. இதற்குச் சரி என்று சொல்லிவிட்டதாக நபீலா வீட்டுக்கு வந்து சொன்னபோது உம்மா ஸுபைரா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீருக்குள் கை அப்படியே நின்றுவிட்டது.

"யோசிச்சித்தான் சொன்னியா மகள்?"

"யோசிக்க என்ன இருக்கு உம்மா. பெட்டி நல்ல பெட்டி."

பதுளை கடைத்தெருவில் 'ஜாபிர் ரேடியோ ரிப்பேர்' என்ற பலகையை எல்லோருக்கும் தெரியும். நபீலாவின் வாப்பா ஜாபிர் மௌத்தாகி அடக்கப்பட்டு எட்டு மாதம் ஆகிறது. பன்னிரண்டு வயதிலிருந்து வாப்பாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துப் பழகிய நபீலாதான் இப்போது கடையைத் திறக்கிறாள். வயது இருபத்தாறு. பக்கத்தில் இருப்பது மாமாவின் புடைவைக் கடை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரை உடைத்தால் கண்ணாடி அலுமாரி எங்கே வரும், சேலை அடுக்கும் ராக்கை எங்கே வரும் என்று மாமா மனதுக்குள் எப்போதோ கணக்குப் போட்டுவிட்டார்.

"டீவி வந்துட்டு. இனி ரேடியோவ யாரு கேக்கப் போறா?" என்பார். "அதோட, பொம்புளப் புள்ள ஸ்குரூ ட்ரைவர் புடிச்சிட்டு நிக்கிறத ரோட்டால போற ஆக்களெல்லாம் பாக்குறானுகள்."

"பாக்கட்டும் மாமா. பாத்தாத்தானே ரேடியோவ கொண்டு வருவாங்க."

அப்படி வந்தவர்தான் கணபதி. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறி ஓட்டுகிறவர். அதற்கு முன் இரண்டு வருடம் ஆற்றுத் திட்டத்துக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியருக்கு ஜீப் ஓட்டினார். நாட்டுக்குத் திரும்பும்போது விமானத்தில் கொண்டுபோக நினைக்காத இரண்டு சாமான்களை இஞ்சினியர் அவருக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒன்று, கயாக் என்று சொல்லும் ஒடுக்கமான பைபர் தோணி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். மற்றது, வட்ட முகமுள்ள ஒரு பச்சைப் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் போய், உள்ளங்கை அளவு கறுப்பு வில்லையொன்றில் முடிந்தது.

"மீன் எங்க நிக்குதுன்னு காட்டுமாம் தங்கச்சி," என்று கணபதி பெட்டியை மேசையில் வைத்தார். "பண்டாரவளையில ஒருத்தன் இதப் பாத்துட்டு நெஞ்சு சோதிக்கிற மெசின்னு சொல்லிட்டான். ஹாலிஎலயில இன்னொருத்தன் கையால தொடவே மாட்டேனுட்டான்."

நபீலா பெட்டியைத் திறந்து பார்த்தாள். வில்லை தண்ணீருக்குள் சத்தம் அனுப்புகிறது. அது அடித்தரையில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தைப் பெட்டி அடிக்கணக்காக மாற்றி, வட்ட முகத்தில் சிவப்பு வெளிச்சமாகக் காட்டுகிறது. நடுவில் மீன் நின்றால் நடுவில் ஒரு பொட்டு மினுங்கும். அவ்வளவுதான். செத்துப்போயிருந்த ஒரு கெபாசிட்டரை மாற்றினாள். கடைக்குப் பின்னாலிருக்கும் கிணற்றில் வில்லையை இறக்கினாள். பதினெட்டு அடியில் சிவப்புக் கோடு விழுந்தது. கயிறு விட்டு அளந்தும் பார்த்தாள். பதினெட்டேதான்.

மாமா கொல்லைச் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "கெணத்துல மீன் புடிக்கிறியா?"

சிரிப்பு முற்றிப் பேச்சாகி, பேச்சு பந்தயமாகியது அன்றைக்குத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்கு முன், தோட்டத்து மேல்குளத்தின் ஆழத்தைப் பெட்டி சரியாகக் காட்ட வேண்டும்.

வியாழக்கிழமை நபீலா பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனாள். லொறிக் கொட்டகையில் கயாக் இரண்டு மரக்கட்டைகளின் மேல் கிடந்தது. பழைய மொரிஸ் காரின் பக்கக் கண்ணாடித் தண்டை வளைத்துப் பெட்டிக்குத் தாங்கி செய்தாள். மோட்டார் சைக்கிள் பெட்டரியை மூடியுள்ள பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, வயர் நுழையும் ஓட்டையை மெழுகால் அடைத்தாள். கணபதி தூண்டில் செருக இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை வெட்டிப் பக்கத்தில் பூட்டினார். நங்கூரத்துக்குத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட இரும்புச் சக்கரம் ஒன்று கிடைத்தது.

கடைசியாக வில்லை. தோணியில் ஓட்டை போட நபீலாவுக்கு விருப்பமில்லை. உள்பக்கமாக அடித்தட்டில் பிசின் ஊற்றி, அதில் வில்லையைப் பதித்துவிட்டால் சத்தம் பைபரைக் கடந்து தண்ணீருக்குப் போய்விடும்.

"ஒண்டு மட்டும் கவனம்," என்றாள். "வில்லைக்கும் தோணிக்கும் நடுவில காத்து இருக்கக் கூடாது. கடுகளவு இருந்தாலும் சத்தம் போகாது. மேல செங்கல் வச்சிருக்கன். நாளைக்கி இந்நேரம் வரைக்கும் தொட வேணாம்."

"தொடவே மாட்டோம் தங்கச்சி," என்றார் கணபதி. அவருடைய மனைவி ரெங்கம்மாவும் தலையாட்டினாள். நாலு மணி பஸ்ஸுக்கு நபீலா புறப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பெரட்டு இல்லை, வேலையும் இல்லை. வேலைக்கு ஆள் பிரிக்கும் கங்காணியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்குளத்துக் கரையில் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் தொழிற்சாலைச் சக்கரத்தைச் சுற்றவைக்க மலையிடுக்கில் அணைகட்டித் தேக்கிய குளம் அது. லயத்து வரிசை வீடுகளிலிருந்து நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். பலீல் மாமா காரில் வந்து, இறங்கி, செருப்பில் சேறு படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

கணபதி தனியாகத் தோணியை மதகுப் பக்கம் வலித்துக்கொண்டு போனார். நபீலா கரையிலிருந்து பார்த்தாள். அவர் பெட்டியைத் தட்டினார். குனிந்து பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

"என்ன தெரியிது?" என்று கங்காணி கத்தினார்.

"சைபர்ல ஒரு கோடு. வேற ஒண்ணுங் காணோம்."

"அப்ப கொளத்துல தண்ணியே இல்லன்னு சொல்லுது போல," என்று யாரோ சொல்ல, கரை முழுக்கச் சிரித்தது.

கணபதி குளத்தைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிவிட்டுக் கரைக்கு வந்தார். நபீலாவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. மாமா சேற்றைத் தாண்டி வந்து கையை நீட்டினார்.

"சாவி."

"கொஞ்சம் பொறுங்க மாமா."

"என்ன பொறுக்கிற? பேச்சு பேச்சுத்தான். நாப்பது பேரு சாட்சி."

"பன்னெண்டு மணிக்குத்தானே லுஹர். அதுக்கு இன்னும் ஒண்டர மணித்தியாலம் இருக்கு. நீங்க நிழலுக்குப் போய் நில்லுங்க."

அவள் தோணிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். வயர் சரி. பெட்டரி சரி. கிணற்றில் வேலை செய்த பெட்டி குளத்தில் வேலை செய்யாதென்றால், பழுது பெட்டியில் இல்லை. வில்லைக்குக் கீழேதான். வில்லையைச் சுற்றி இறுகியிருந்த பிசினில் விரலை ஓட்டினாள். ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் நூல்.

"கணபதி அண்ணே. இதுக்குள்ள என்ன வச்சீங்க?"

கணபதி மனைவியைப் பார்த்தார். ரெங்கம்மா முன்னால் வந்தாள்.

"நாந்தான் வச்சேன். நெல நிறுத்துறப்ப அடியில காசு வைக்காம நிறுத்துவாங்களா? புதுசா ஒண்ண பதிக்கிறோம், வெறும் எடத்துல பதிக்கலாமா? மஞ்சத் துணியில ஒத்தக் காச முடிஞ்சி வச்சேன். நீங்க பஸ்ஸுக்குப் போன ஒடனே."

"செங்கல்ல தூக்கினது நானு," என்றார் கணபதி மெல்ல.

வீடு கட்டும்போது வாசல் நிலைக்கு அடியில் காசு வைப்பது நபீலாவுக்கும் தெரியும். ஆனால் இங்கே சத்தம் போக வேண்டிய வழியில் ஒரு துணி முடிச்சும் அதற்குள் ஒரு பிடி காற்றும் காசும் குந்திக்கொண்டிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெங்கம்மாக்கா, கட்டடத்துக்கு அது சரி. இதுக்கு அது வாயப் பொத்தின மாதிரி."

மாமாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஆர் வச்சா என்ன, பெட்டி வேல செய்யல்ல. பிசின் காய இன்னொரு நாள் வேணும். இண்டைக்கித்தான் பேச்சு."

"பிசின் வேணாம்," என்றாள் நபீலா.

ஒரு மெல்லிய இரும்புத் தகட்டை வில்லைக்குக் கீழே செருகி இழுத்தாள். நடுவில் துணி இருந்ததால் பிடிப்பு இல்லை. பத்து நிமிடத்தில் வில்லை கழன்று வந்தது. காசு முடிச்சை எடுத்து ரெங்கம்மாவிடம் கொடுத்தாள். "தோணிட முன்மூக்குல கட்டிவிடுங்க. தோணிய விட்டுப் போக வேணாம்." பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தோணிக்குள்ளேயே ஊற்றினாள். கரையில் ஒரே கூச்சல்.

"தோணிக்கு வெளிய தண்ணி பத்தலன்னு உள்ளுக்கும் ஊத்துறாங்கப்பா!"

நபீலா திரும்பவில்லை. வில்லையை அந்தத் தண்ணீருக்குள் வைத்து அடித்தட்டோடு அமுக்கினால் போதும். பிசின் செய்யும் வேலையைத் தண்ணீர் செய்யும். ஆனால் கையை எடுக்காமல் ஒருவர் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே எப்படி அமுக்குவது என்று தெரிந்தவர் அங்கே ஒருவர்தான்.

அவள் செருப்பைக் கழற்றினாள்.

மாமாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "நபீலா. நீ அதுல ஏறினா நான் ஒங்கட ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டன். கணபதியோட ஒரே தோணியில போறதா?"

"அவரு எதுக்கு?" என்றாள் ரெங்கம்மா. "மூணு ஞாயித்துக்கெழமையா துடுப்பு போடுறது நானு. இவரு தூண்டிலப் புடிச்சிக்கிட்டு தூங்குவாரு. நான் வர்றேன்."

கொழுந்தெடுக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை ரெங்கம்மா கையோடு கொண்டுவந்திருந்தாள். அதை நபீலாவின் இடுப்பில் சுற்றி இறுக்கினாள். நபீலா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு முன்னால் ஏறினாள். தோணி ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் வாழ்நாளில் தண்ணீரின் மேல் உட்கார்ந்ததில்லை. இரண்டு கையாலும் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளுங்கக்கா."

கரை விலகியது. மாமாவின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. நபீலா குனிந்து, மணிக்கட்டு வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு வில்லையை அமுக்கினாள். வட்ட முகத்தில் சைபர் கோடு மட்டும் நின்றது. வில்லையை லேசாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த காற்றுக் குமிழியை விரலால் வழித்துவிட்டாள்.

எட்டில் ஒரு சிவப்புக் கோடு.

ரெங்கம்மா துடுப்பைப் போட்டாள். பதினொன்று. பதினாறு. இருபத்திரண்டு. மதகுக்கு நேரே வந்தபோது கோடு முப்பத்தொன்றில் நின்றது. அதற்கு மேலே, இருபத்தைந்துக்குப் பக்கத்தில், சின்னச் சின்னதாகச் சிவப்புப் பொட்டுகள் வந்து வந்து மறைந்தன.

"அது என்ன தங்கச்சி?"

"கெண்டையா திலாப்பியாவான்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆனா நெறய நிக்கிது."

நபீலா தலையை உயர்த்திக் கரைக்குக் கேட்கக் கத்தினாள்: "மதகுக்கு நேரா முப்பத்தொரு அடி. இருவத்தஞ்சுல மீன்."

"சொல்லலாம்," என்று மாமாவின் குரல் வந்தது. "எறங்கிப் பாத்த ஆளு ஆரு?"

நங்கூரக் கயிற்றை ரெங்கம்மா அங்கேயே இறக்கினாள். சக்கரம் தரையைத் தொட்டதும் தண்ணீர் மட்டத்தில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டாள். இருவரும் கரைக்குத் திரும்பினார்கள். நபீலா ஈரக் கயிற்றைக் கொண்டுபோய் மாமாவின் முன்னால் போட்டாள்.

"அளங்க."

"நானா?"

"நீங்கதான். முப்பது வருசம் துணி அளந்த கை. வேற ஆரு அளந்தாலும் நீங்க நம்ப மாட்டீங்க."

"மொதலாளி, கஜம் கொறயாம அளங்க," என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண். "தீவாளிச் சேலைய அளந்த மாதிரி அளந்துராதீங்க."

இந்தமுறை சிரிப்பு வேறு பக்கம் அடித்தது. பாதிப் பேர் அவரிடம் துணி வாங்குகிறவர்கள். மாமாவுக்கு வேறு வழியில்லை. சட்டை நனைய நனைய, சக்கரத்தில் தொடங்கி, மூக்கிலிருந்து நீட்டிய கைவிரல் வரை ஒரு கஜம் என்று கயிற்றை இழுத்து இழுத்து எண்ணினார். நாற்பது பேரும் கூடவே எண்ணினார்கள். பத்து கஜம் முடிந்தது. முடிச்சுக்கு இன்னும் ஓர் அடி மிச்சம்.

கங்காணி எழுந்தார். "பத்து கஜம் ஒரு அடி. கஜத்துக்கு மூணு அடின்னா, முப்பத்தொண்ணு."

மாமா கயிற்றைக் கீழே போட்டார். கைலேஞ்சியை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"சரி. பெட்டி சரி," என்றார். "ஆனா நான் சொல்றதக் கேளு மகள். இண்டைக்கி இத்தன ஆம்புளைகளுக்கு முன்னுக்கு நீ தோணி ஏறினது அசர் தொழுகைக்கு முந்தி டவுனுக்குத் தெரிஞ்சிரும். இதுக்குப் பொறகு ஒன்ன அந்தக் கடையில நான் எப்படி ஒக்கார வைக்கிற? சாவியத் தா. ஒன்னயும் ஒங்க உம்மாவயும் நான் பாத்துக்கொள்றன்."

ரெங்கம்மா துடுப்பை ஊன்றியபடி நின்றாள்.

நபீலா படங்கை அவிழ்த்துப் பிழிந்தாள்.

"மாமா, பேச்சு பேச்சுத்தான்னு நீங்கதான் சொன்னீங்க."

"பேச்சு பெட்டியப் பத்தி. இது மானத்தப் பத்தி."

"அப்ப நானும் ஒண்டு சொல்றன். பெட்டி வேல செய்யாட்டியும் சாவிய தந்திருக்க மாட்டன். சரின்னு சொன்னது என்ட பிழ. வாப்பாட கடைய பந்தயத்துக்கு வைக்க எனக்கும் உரிம இல்ல, கேக்க ஒங்களுக்கும் உரிம இல்ல. ஒரு பெட்டி பழுதானா கடைய மூடணுமெண்டா, ஒங்கட கடையில எத்தின சேல சாயம் போயிருக்கு?"

மாமா கைலேஞ்சியைப் பைக்குள் செருகினார். காருக்கு நடந்தார். இந்தமுறை சேற்றைப் பார்த்து நடக்கவில்லை.

கணபதி தூண்டிலோடு தோணிக்கு ஓடினார். "இருவத்தஞ்சு அடின்னீங்களா தங்கச்சி?"

"வில்லைய ஒருத்தர் அமுக்கணும் அண்ணே. அடுத்த வியாழக்கிழம வந்து பிசின் போட்டுத் தாறன். செங்கல்ல தூக்கினா நான் திரும்பி வர மாட்டன்."

திங்கட்கிழமை காலை நபீலா கடைக் கதவின் பலகைகளைக் கழற்றும்போதே பாஸ் நானா வாசலில் நின்றார். தச்சு வேலைக்காரர். கையில் அளவு நாடா.

"பலீல் முதலாளி சனிக்கிழம சொல்லிவிட்டாரு. துணி ராக்கைக்கு அளவெடுக்கச் சொல்லி."

சனிக்கிழமை. பெட்டி குளத்தில் இறங்குவதற்கு முந்தைய நாள். நபீலா கடைசிப் பலகையைச் சுவரில் சாய்த்துவைத்தாள். சுவருக்கு அப்பால் யாரோ இருமுவது கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"வாங்க நானா, அளவெடுங்க. ஆனா துணிக்கு இல்ல. ஒம்பது அங்குல அகலம் போதும், ரேடியோவுக்கு. இந்தச் சுவர் முழுக்க வேணும். ஆணிய ஆழமா அடிங்க."

பாஸ் நானா சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, இருமல் வந்த இடத்துக்கு நேராகவே முதல் கோட்டைக் கீறினார்.