தாழ்ப்பாள் அக்கா

ஒரு பேன்ட்டின் அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது முப்பத்தொன்றாம் அத்தியாயம் வந்தது. வியாழக்கிழமை மதியம் ஒரு மணி. ஈரவிறகு ஒருநாளும் நேரம் தப்பமாட்டார். கடையில் நான் ஒருத்திதான். சாப்பிடப் போன கட்டிங் மாஸ்டர் மூன்று மணிக்கு முன்னால் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. நூல்கண்டுப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு மெஷினிலிருந்து காலை எடுத்தேன். ஜிப் மாற்ற வேண்டிய பையோடு ஓர் அம்மாள் வந்து நின்றாள். சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தீயணைப்பு நிலையத்தைப் பற்றி டி.வி.யில் ஒரு தொடர் வந்தது. அதில் நெட்டையாக ஒருவன், சுருட்டைமுடியோடு ஒருவன். தொடரில் அவர்கள் வெறும் நண்பர்கள். ஒரே வண்டியில் போவார்கள், ஒருவனை ஒருவன் புகைக்குள்ளிருந்து இழுத்து வருவான், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்த எங்களில் சிலருக்கு அது அவ்வளவுதான் என்று படவில்லை. தொடர் முடிந்த பிறகு ஈரவிறகு என்ற பெயரில் யாரோ ஒருவர் அவர்களுடைய கதையை இணையத்தில் வாராவாரம் எழுத ஆரம்பித்தார். நெட்டைக்குச் சுருட்டை மேல் காதல். அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள அவனுக்குப் பதினெட்டு அத்தியாயம் பிடித்தது. பத்தொன்பதாவதில் கண்ணாடி முன்னால் நின்று, "ஆமா, நான் இப்படித்தான்" என்று அவன் சொன்னபோது நான் அழுத அழுகையில் ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

கதைக்குக் கீழே பேசுவதற்கென்று ஒரு குழு சேர்ந்தது. அதில் என் பெயரும் ஊசிதான். சும்மா வைத்த பெயர், பிறகு என் எழுத்துக்கும் பொருந்திவிட்டது. நான் குத்தினால் ரத்தம் வரும் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் காதலைக் கேவலமாகப் பேசிக்கொண்டு உள்ளே வந்த எத்தனையோ பேரை நான் ஓட ஓட விரட்டியிருக்கிறேன். ஈரவிறகு ஒருமுறை எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். "உங்கள மாதிரி ஒரு அக்கா வீட்ல இருந்திருந்தா என் வாழ்க்கையே வேற மாதிரி இருந்திருக்கும்." அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். குழுவில் டீச்சர் என்று ஒருத்தி உண்டு, ரொம்ப நல்லவள், யாரையும் நோகாமல் பேசுவாள். அவளுக்கு அனுப்பிப் பீற்றிக்கொண்டேன். எனக்கும் நாலு பேர் முன்னால் நல்லவளாக இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

முப்பத்தொன்றில் நெட்டைக்குக் காய்ச்சல். உள் அறையில் படுத்திருக்கிறான். பார்க்க வந்த சுருட்டை கதவைத் தட்டுகிறான். நெட்டையின் அக்கா, ஒரு நர்ஸ், கதவை ஒரு கையகலம் திறந்து சொல்கிறாள்: "அவன் இங்க இல்ல. இருந்தாலும் உனக்கு இல்ல." பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம். உள்ளே இருப்பவனுக்கு எல்லாம் கேட்கிறது. எழுந்து போகக் காலில் பலம் இல்லை, கூப்பிட நெஞ்சில் துணிவு இல்லை.

குழு கொதித்தது. வசனம் எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று முதலில் ஈரவிறகைப் பாராட்டினேன். அப்புறம் அந்த அக்காவை எடுத்துக்கொண்டேன். இவளுக்கெல்லாம் அக்கா என்று பெயர் எதற்கு, தாழ்ப்பாள் என்று வைத்தால் போதாதா என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் ஊரே அவளைத் தாழ்ப்பாள் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. துருப்பிடித்த தாழ்ப்பாள் என்றான் ஒருவன். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட வேண்டாம், பெயர்த்து எறியுங்கள் என்றாள் இன்னொருத்தி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாஸ்டர் திரும்பி வந்தபோதும் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஈரவிறகிடம் ஒரு வழக்கம் உண்டு. அத்தியாயத்தின் முடிவில் ஒரு கேள்வி போடுவார். சனிக்கிழமை மதியம் வரை வாசகர்கள் ஓட்டுப் போடலாம். எது ஜெயிக்கிறதோ அதைத்தான் எழுதுவார். வழக்கமாக, இருவரும் சினிமாவுக்குப் போகட்டுமா, மாடியிலேயே உட்காரட்டுமா என்கிற மாதிரி இருக்கும். இந்தத் தடவை கேள்வி வேறு. வருடங்கள் ஓடிவிட்டன, நெட்டைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வருகிறது. கிளம்புவதற்கு முன்னால் அக்காவிடம் தன்னைப் பற்றிச் சொல்லட்டுமா, வேண்டாமா?

டீச்சர் சொல்லட்டும் என்றாள். எத்தனையோ வருடம் ஆயிற்று, மனுஷி மாறியிருக்கலாம், ஒரு வாய்ப்பாவது கொடுக்கலாமே என்று உருக்கமாக எழுதியிருந்தாள். நிறையப் பேர் அவள் பக்கம் சாய்ந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. விட்டேனா பார் என்று இறங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து டீச்சருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். காது மந்தம், ஆனாலும் சத்தத்தைக் கூட்டமாட்டாள், வாயசைவையே பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பி வந்து கதவோரம் நின்றான். அவன் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். முப்பத்தைந்து வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். எதற்கும் அதிகம் பேசமாட்டான். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் நான் திரும்பி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் அவன்தான்.

"அக்கா, வேலையா இருக்கியா? கொஞ்சம் பேசணும்."

"இப்ப முடியாதுடா. அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். நின்றது எனக்குத் தெரியும். நான் நிமிரவில்லை. அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தது இதுதான்: "மாறியிருந்தா அவளே வந்து கேட்டிருப்பா. இந்த மாதிரி ஆளுங்களுக்குத் தான் செஞ்சது ஞாபகம்கூட இருக்காது டீச்சர். அவகிட்ட சொல்றதும் சுவத்துல முட்டிக்கிறதும் ஒண்ணு."

சனிக்கிழமை மதியம் பதினான்கு ஓட்டு வித்தியாசத்தில் 'வேண்டாம்' ஜெயித்தது. எல்லாம் ஊசியின் கைவண்ணம் என்றார்கள். ஈரவிறகு எனக்கு மட்டும் ஒரு நன்றி அனுப்பினார். பெரிய தப்பு ஒன்று செய்ய இருந்தேன், தடுத்துவிட்டீர்கள் என்றார். கதையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே, வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டிருந்ததாகவும் அது கிடைத்துவிட்டதாகவும் வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்புவதாகவும் சொன்னான். அம்மாவுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பேசணும் என்று வந்தது இதற்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்களை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு பாட்டம் கத்தி ஓய்ந்தேன். நெட்டைக்கும் மாற்றல், இவனுக்கும் மாற்றல். அப்போதுகூட உறைக்கவில்லை. கதையில் வருகிறவன் எவ்வளவு உயரம், எவ்வளவு அழகு. இவன் என் தம்பி.

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு முப்பத்திரண்டு வந்தது. நெட்டை பெட்டி கட்டுகிறான். பழைய சட்டை ஒன்றை எடுக்கிறான். காய்ச்சலுக்கு முன்பு ஒரு மழைநாளில் நனைந்து வந்த சுருட்டை, தன் சட்டையை அந்த வீட்டில் காயப்போட்டுவிட்டு இவனுடையதைப் போட்டுக்கொண்டு போயிருந்தான். கதவைச் சாத்திய மறுநாள் அக்கா அந்தச் சட்டையைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டாள். அதற்கு முன் பட்டன்களை மட்டும் கத்தரித்து எடுத்து, தம்பியின் இந்தச் சட்டையில் தைத்தாள். ஐந்து சிப்பிப் பட்டன்கள். மேலிருந்து மூன்றாவதில் ஓரம் உடைந்து பிறைபோல ஒரு பள்ளம். சட்டை நைந்த பிறகும் நெட்டை அதை விடவில்லை. பட்டன் தளரும்போதெல்லாம் அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுப்பான். அவளும் இந்தக் கந்தலைத் தூக்கிப் போடேன் என்று திட்டிக்கொண்டே இறுக்கித் தருவாள்.

நான் மனிதர்களை மறந்துவிடுவேன். பட்டனை மறக்கமாட்டேன். நல்ல பட்டனைத் தூக்கிப் போடும் தையல்காரி இன்னும் பிறக்கவில்லை. அந்த உடைந்த ஓரம் என் பெருவிரலுக்குத் தெரியும். பதினோரு வருடத்தில் அதை எத்தனை தடவை இறுக்கியிருப்பேன்.

அதன் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ஆரஞ்சுப் பழப் பையோடு வாசலில் நின்ற பையன். அவனை எனக்குப் பிடிக்காமல் போனது அதற்கும் முன்னால். ஒருநாள் சமையலறையில் தம்பி அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இவனும் போய்விட்டால் எனக்கு யார் என்றுதான் முதலில் நினைத்தேன், வேறெதுவும் நினைக்கவில்லை. அவன் இங்க இல்ல, இருந்தாலும் உனக்கு இல்ல. அந்த வசனம் என்னுடையது. அதைத்தான் நான் பாராட்டியிருக்கிறேன்.

நான் நிமிர்ந்தபோது வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. பாதி தைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தம்பி பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தான். மூன்றாவது பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, இத மட்டும் கொஞ்சம் இறுக்கிக் குடு. நேரமாச்சு."

கழற்றிக் கொடுத்தான். பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தான். நூல் கோக்க எனக்கு மூன்று தடவை ஆயிற்று. நான் கொஞ்சம் முன்பு சத்தத்தை அணைத்திருந்த என் போன் மடியில் அதிர்ந்தது. அதே நேரத்தில் அவன் கையில் இருந்ததும் அதிர்ந்தது. மறுபடியும் இரண்டும். யாரோ தாழ்ப்பாளைத் திட்டுகிறார்கள் என்று பார்க்காமலே தெரிந்தது. என் போனைத் துணிக்குள் தள்ளினேன்.

"அன்னிக்கு ஏதோ பேசணும்னு வந்தியேடா."

"மாற்றல் விஷயம்தான்."

"அது மட்டுமா?"

அவன் என்னைப் பார்த்தான். அப்படி அவன் பார்த்து எத்தனை வருடம் இருக்கும்.

"வேற ஒண்ணும் சொல்லலாம்னுதான் இருந்தேன். தெரிஞ்சவங்க சிலபேர்கிட்ட கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க."

"என்னைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

"நல்லா தெரிஞ்ச மாதிரிதான் சொன்னாங்க. அதுல ஒருத்தங்க, எனக்கு அக்கா மாதிரி. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அது நான்தான்டா என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், அவனுக்கு இருக்கிற ஒரே அக்காவும் போய்விடுவாள். அவனுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். பயத்தில்தான் மூடிக்கொண்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை நீட்டினேன். அவன் போட்டுக்கொண்டு மூன்றாவது பட்டனை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான்.

டாக்சி வந்தது. அம்மாவின் காலைத் தொட்டுவிட்டு, என்னிடம் வரேன் என்று தலையசைத்துவிட்டுப் போய்ப் பின்சீட்டில் ஏறினான். டிரைவர் டிக்கியில் பெட்டிக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார். தம்பி போனையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலால் கீழே தள்ளுவான், மறுபடி மேலே வருவான். யாருடைய கருத்துக்காகக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். முப்பத்தோரு வாரத்தில் ஒருநாளும் ஊசி இவ்வளவு தாமதித்ததில்லை.

வாசல் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டு போனை எடுத்தேன். எனக்கு எழுத அதிக நேரம் ஆகவில்லை.

"தாழ்ப்பாள் இப்ப வாசல்ல வந்து நின்னு கையாட்டுவா. கண்ணக்கூடக் கசக்குவா. ஏமாந்துடாத நெட்டை. திரும்பிப் பாக்காமப் போ."

வண்டி கிளம்பியது. அவன் முகத்தில் போன் வெளிச்சம் விழுந்தது. படித்தான். பதினோரு வருடமாக நான் இந்த வீட்டில் பார்க்காத ஒரு சிரிப்பு அவன் முகத்தில் வந்தது. நான் வாசலுக்கு வந்து கையை ஆட்டினேன். தெருமுனை வரைக்கும் ஆட்டிக்கொண்டே நின்றேன். பின்கண்ணாடியில் அவன் தலை குனிந்தே இருந்தது, ஏதோ பதில் எழுதுகிற மாதிரி. வண்டி திரும்பியபோது என் இன்னொரு கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.