மருந்து ஊற்றாத தொட்டி

விழுப்புரத்துக்குக் கிழக்கே ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர் கட்டிய பங்களா இருந்தது. அவர் கப்பலேறிப் போன பிறகு பதினைந்து வருஷம் பூட்டியே கிடந்தது. பின்பக்கத்தில் அவர் நீந்திக் குளித்த குளம். ஊரில் அதற்குத் தொரை தொட்டி என்று பெயர். அத்தனை வருஷத்தில் அதற்குள் மழையும் புளியஞ்சருகும் விழுந்தனவே தவிர மனுஷக் கால் படவில்லை. பாம்பும் ஆமையும் விராலும் தவளையும் அங்கே பட்டா வாங்கினவை போலக் குடியிருந்தன.

அறுபத்து மூன்றாம் வருஷம், கிளியனூர் அரிசி மில் முதலாளி துரைக்கண்ணு அந்தப் பங்களாவை வாங்கினார். வாங்கின சூட்டோடு, மெட்ராஸ் சம்பந்தி வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. நீச்சல் குளத்தைக் காட்டினால்தான் சம்பந்தி வாயடைத்துப் போவார் என்று முதலாளிக்குப் பட்டது. வியாழக்கிழமை காலை சவுரிராயனுக்கு ஆள் போயிற்று.

சவுரிராயன் சவேரியார் தெருக்காரர். முப்பது வருஷமாகக் கிணறு தூர் வாரி முதுகு வில்லாகிப் போனவர். அவர் வந்து பார்த்தபோது தொட்டிக் கரையில் இரண்டு தகர டின்கள் இருந்தன. பக்கத்தில் மேஸ்திரி பாண்டுரங்கன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேஸ்திரி இது?"

"எண்ட்ரின். மல்லாட்டைச் செடிப் பூச்சிக்கு அடிக்கிற மருந்து. ரெண்டு டின்னையும் ஊத்தினா உள்ள இருக்கிறது அத்தினியும் மல்லாந்து மெதக்கும். நீ வாரிக் கொட்டிட்டு அடி மூடியத் தொறந்துவுடு. ஜல்தியா முடிஞ்சுடும்."

"மூடியத் தொறந்தா தண்ணி எங்க போவும்?"

"எங்க போனா நமக்கு இன்னாய்யா?"

சவுரிராயனுக்குத் தெரியும். பின்மதிலுக்கு அடியில் குழாய். குழாய்க்கு அப்புறம் வாய்க்கால். வாய்க்கால் போய் விழுவது சவேரியார் தெருக் குட்டையில். நாற்பது வீட்டு ஆடு மாடு அதில்தான் வாய் வைக்கும். குட்டை ஓரத்தில் ஊற்றுக்குழி தோண்டித்தான் தெருவே குடிக்கத் தண்ணீர் எடுக்கும்.

முதலாளி வந்ததும் அவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மொதலாளி, மருந்து வேணாங்க. சனிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள ஒரு பூச்சி பொட்டு இல்லாம தொட்டிய ஒப்படைக்கிறேன். ராவோட புதுத் தண்ணி வுட்டுக்கலாங்க."

"முடியலன்னா?"

"நானே அந்த டின்னத் தொறந்து ஊத்தறேங்க."

சொன்ன கையோடு அடுத்ததையும் கேட்டார். "சேத்துல கெடக்கிற மீனு தூர் வார்றவனுக்குங்க. அது எங்க வழக்கம்."

முதலாளி சிரித்தார். "பாம்பையும் சேத்து எடுத்துக்க. எனக்குக் குளம் வேணும்."

வெள்ளிக்கிழமை காலை, துணைக்கு இருதயராஜ் ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு சவுரிராயன் வந்தார். படிக்கட்டுப் பக்கம் கழியை விட்டுப் பார்த்தார். முழங்கால் ஆழம். கிணற்றையும் ஏரியையும் அறிந்த மனுஷர் அவர். கிணறு என்றால் இறங்கின இடமே ஆழம். ஏரி என்றால் கரையை ஒட்டி ஆழம். கரையோரமே முழங்கால்தான் என்றால் நடுவிலும் அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டார்.

"ரெண்டு பேரு, ஒரு எறைகூடை. பொழுதோட காலி பண்ணிடலாம்டா" என்றபடி உள்ளே நடந்தார். பத்து எட்டு வைத்திருப்பார். தரை சரிந்தது, பாசி வழுக்கியது, ஆளையே காணோம். மேலே வந்தபோது தலையில் பாசியும் தோளில் ஒரு தவளையும் இருந்தன.

பாண்டுரங்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தொரைமாருங்க சாய்ச்சுத்தாய்யா கட்டுவாங்க! இந்தப் பக்கம் கொயந்தைக்கு, அந்தப் பக்கம் குதிக்கிறதுக்கு. மூடி அங்க அடியில கீது, ஒண்ணரை ஆள் தண்ணிக்கும் சேத்துக்கும் கீழ. டின்னைத் தொறக்கட்டுமா?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் உங்க கையி அது மேல படக்கூடாது மேஸ்திரி" என்றார் சவுரிராயன், வாயில் புகுந்த சேற்றைத் துப்பிவிட்டு. இருவரும் பொழுது முழுக்க இறைத்தும் தண்ணீர் ஒரு சாண் கூட இறங்கவில்லை.

வீட்டில் லூர்துமேரி அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "இன்னாய்யா, ரெண்டு ஆளு ஏரிய எறைக்கிற கணக்கா கீதே? தெருவுக்குத்தான வர்ற வெசம்? தெருவக் கூப்புடேன்."

"கூலி யாரு குடுக்கிறது?"

"நாப்பது நாளு தபசுகாலம். கறி வாயில வெக்கலாமா? வெரால் மீன வேணான்னு சொல்றவன் யாருன்னு நான் பாக்கறேன்."

அன்று சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை முடிந்து சனம் வெளியே வரும்போது அவள் வாசலில் நின்று குரல் கொடுத்தாள். மருந்து எங்கே வந்து விழும் என்பதை முதலில் சொன்னாள். அப்புறம், "எறைக்கிற கைக்கு ஒரு வெராலு" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் பங்களாப் பின்புறத்தில் முப்பது பேர். நாலு இறைகூடை, கைக்குக் கை மாறும் குடங்கள். பத்து மணிக்கெல்லாம் தண்ணீர் பாதியானது. அப்போதுதான் பாம்புகள் வெளிப்பட்டன. வழவழத்த சுவரில் ஏற முடியாமல், ஆட்கள் நின்ற மேட்டுப் பக்கமே பத்துப் பதினைந்து நெளிந்து வந்தன. பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். ஒருவன் மண்வெட்டியை ஓங்கினான்.

"அடிக்காத! தண்ணிப் பாம்புதான், அதுக்குப் போவ வழி இல்ல" என்று சவுரிராயன் கத்தினார். "அல்லாரும் ஆழத்துப் பக்கம் வாங்க. மேட்டுப் பக்கத்த அதுக்கு வுடுங்க."

படிக்கட்டிலிருந்து வேலி வரைக்கும் தென்னை மட்டைகளை வரிசையாகப் போடவைத்தார். ஆழத்துப் பக்கக் கரையில் நின்று முப்பது பேரும் தகரம் தட்டினார்கள். பாம்புகள் ஒவ்வொன்றாக மட்டை மேல் ஏறி வேலிக்கு அந்தாண்டை வயலில் இறங்கிப் போயின. தவளைகள் பின்னாலேயே தத்தின.

ஆமை ஏழு. கூடையில் போட்டுத் தூக்கியதும் முதலாளியம்மா லட்சுமியம்மாள் பதறிக்கொண்டு வந்தார். "ஐயையோ, வீட்டு வழியா எடுத்துக்கினு போவாதீங்க!" மதில் மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள். விரால்கள் சேற்றில் புரண்டன. அளவுபார்த்து ஆளுக்கு ஒன்று. ஒரு தாய் விராலைச் சுற்றி மட்டும் சிவப்புக் குஞ்சுகள் மொய்த்தன. "இது கொயம்புக்கு இல்ல" என்று அதைக் குஞ்சுகளோடு அண்டாவில் மொண்டு குட்டைக்கு அனுப்பினார்.

அதற்குள் வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. இடுப்பளவு சேறு மிச்சம். பாண்டுரங்கன் வானத்தையும் டின்னையும் பார்த்தார். சவுரிராயன் சேற்றில் மண்டியிட்டுத் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். முதுகு இற்று விழுவது போல வலித்தது. விரலில் இரும்பு வளையம் தட்டியது. கடப்பாரை கொடுத்து நாலு பேர் நெம்பினார்கள். மூடி பெயர்ந்ததும் தொட்டி பெரிசாக ஒரு ஏப்பம் விட்டது. சேறும் தண்ணீரும் சுழன்று இறங்க, குடம் குடமாகக் கொட்டிக் கழுவிவிட்டார்கள். அடியில் வெள்ளைப் பீங்கான் ஓடு பளிச்சென்று தெரிந்தது, ஓரமெல்லாம் நீலக்கோடு.

மதிலுக்கு அப்பால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெறும் சேற்றுத் தண்ணீர், மாடு குடிக்கிற தண்ணீர். சவுரிராயன் அதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் இடுப்பில் கையை ஊன்றி நின்றார்.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டின் மேல் நடந்து பார்த்தார். "யோவ் பாண்டுரங்கா, இந்த வேலைக்கா மருந்து கேட்ட?" என்றார்.

அன்று சவேரியார் தெருவில் முப்பது அடுப்பிலும் ஒரே குழம்பு கொதித்தது.

பத்து நாள் கழித்துத் திண்டிவனத்திலிருந்து ஒருத்தன் சைக்கிளில் வந்து இறங்கினான். அவன் எஜமான் பங்களாவிலும் இதே மாதிரி ஒரு தொட்டியாம். அவர் எப்படியோ கேள்விப்பட்டு இவனை அனுப்பியிருக்கிறார்.

சவுரிராயன் கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். லூர்துமேரி முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"தொட்டித் தண்ணி எந்தத் தெருவுக்குப் போவுதுன்னு மொதல்ல பாத்துக்கினு வா. அந்தத் தெரு ஆளுங்களக் கூட்டிக்கினு எறங்கறேன். மீனு அவங்களுக்கு. கூலி எனக்கு."

"உங்களுக்கு மீனு வேணாங்களா?"

"எங்க குட்டையில குஞ்சு வளருதுப்பா" என்றார் சவுரிராயன்.