எட்டாத மூன்றடி

2021ஆம் ஆண்டு அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்குத் திருவாண்டார்கோயில் அட்டைப்பெட்டி ஆலையின் கூரையிலிருந்து தவறி விழுந்த நவநீதன், மூன்று வருடம் ஆகியும் தரைக்கு வந்து சேரவில்லை. வாரத்துக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கிக்கொண்டிருந்தான். கூரைத் தகரத்தின் ஓரமாக ஓடும் மழைத்தண்ணீர் வாய்க்காலை ஆலைகளில் கட்டர் என்பார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் அதில் சேரும் வேப்பிலையையும் புறாக்கூட்டையும் வாரிச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் அவனும் தம்பி புகழ்வேந்தனும் நடத்திவந்த தொழில். விழுந்தபோது அவன் வலது கையில் ஒரு பிடி சேறு இருந்தது. அதை அவன் விடவில்லை.

முதல் வாரம் ஆலையில் வேலை சரியாக நடக்கவில்லை. ஏணி வைத்துப் பார்த்தார்கள். இடுப்பில் கயிறு கட்டி, சரக்கு தூக்கும் வண்டியால் இழுத்ததில் வண்டியின் பின்சக்கரம் தூக்கியதே தவிர அவன் அசையவில்லை. கீழே இழுக்கவும் முடியாது, மேலே தூக்கவும் முடியாது, சுவரை விட்டு விலக்கவும் முடியாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் மட்டும் லேசாகத் தட்டினால் நகர்வான் என்பது நான்காம் நாள் தெரிந்தது. அதன் பிறகு வெயில் ஏறினால் யாராவது ஒருவர் மூங்கில் கழியால் அவனை வேப்பமர நிழல் விழும் மூலைக்குத் தள்ளிவைத்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரியின் படிவத்தில் விழுந்த தேதி, காயம் பட்ட தேதி என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டாவதை நிரப்ப வழியில்லாததால் கோப்பு அப்படியே நின்றது. அந்தரத்தில் பசி குறைவு, மற்றத் தேவைகள் அறவே இல்லை. அவன் மனைவி கல்பனா கூடப்பாக்கத்திலிருந்து தினமும் மத்தியானம் பஸ்ஸில் வந்து, கொக்கி வைத்த மூங்கிலில் டிபன் கேரியரை மாட்டி மேலே நீட்டினாள். அவன் இறங்க இறங்க மூங்கிலை அறுத்துக் குறைத்தார்கள். துண்டுகள் அடுப்புக்குப் போயின.

கணக்கு வைத்தவள் தங்கை சிந்து. பகலில் வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, மாலையில் அங்கேயே டிப்ளமோ வகுப்பு. எதையும் நோட்டில் எழுதாமல் நம்பமாட்டாள். எழுதிய பிறகும் முழுதாக நம்பமாட்டாள். ஆலைச் சுவரின் தகரத்தில் அடிக்கு ஒரு வரிசை திருகாணி இருந்தது. ஞாயிறுதோறும் கூரையிலிருந்து அண்ணனின் குதிகால் வரை எத்தனை வரிசை என்று எண்ணி எழுதினாள். ஆலையின் வரைபடத்தில் கூரை ஓரத்தின் உயரம் இருபத்து நான்கடி என்று இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் 2024 புரட்டாசி முதல் ஞாயிறு அவன் தரையைத் தொட வேண்டும். நான்கு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, தப்பாகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு அண்ணியிடம் சொன்னாள். கல்பனா எச்சரிக்கையை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

இடையில் இரண்டு வருடம் புகழ்வேந்தன்தான் கூரை ஏறினான். இரண்டாம் வருடம் அவன் கால் வழுக்கி, கைப்பிடியில் தப்பினான். செருப்பு ஒன்று நழுவியது. அது வேப்பமரத்துப் பக்கம், சிந்துவின் கணக்குப்படி இன்னமும் பதினாறடி உயரத்தில், குப்புற, இறங்கிக்கொண்டிருந்தது. கல்பனா சாப்பாடு நீட்டும்போதெல்லாம் அந்தச் செருப்பைப் பார்ப்பாள். மூன்றாம் வருடம் ஆலை மேலாளர் அரிகரன் சிந்துவைக் கூப்பிட்டு, "இனிமே யாரும் ஏறக் கூடாதும்மா. கீழ நின்னே உறிஞ்சுற மிஷின் வந்திருக்காமே, அதப் பாருங்க. மழைக்குள்ள முடியலன்னா வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதுதான்" என்றார். வேலை கைவிட்டுப் போகும் என்றால் யார் தடுத்தாலும் புகழ்வேந்தன் ஏறிவிடுவான் என்று சிந்துவுக்குத் தெரியும். வீட்டுக் கரும்பை வெட்டி விற்ற காசு ஒரு மிஷினுக்குத்தான் காணும். தப்பாக வாங்கினால், இன்னொரு அண்ணனுக்கும் ஞாயிறுதோறும் திருகாணி எண்ண வேண்டியிருக்கும்.

புதுச்சேரியில் பக்கிரி என்பவரின் கடையில் மூன்று வகை இருந்தன. பக்கிரி மரத்தூளைத் தரையில் கொட்டி உறிஞ்சிக் காட்டினார். மூன்றுமே சுத்தமாக உறிஞ்சின. சிந்துவுக்கு இது போதவில்லை. கட்டரில் மரத்தூள் இல்லை. நிஜச் சேற்றை எடுக்க யாரையும் மேலே ஏற்றவும் முடியாது. மறுநாள் நவநீதன் எதிரில் போய் நின்றாள்.

"ண்ணா, கையில இருக்கிற சேத்தக் குடு."

"இன்னாத்துக்குடி? மூணு வருசமா வெச்சிக்கினு இருக்கேன்."

"மிஷின் கடையில மாதிரி காட்டணும்."

"கடக்காரன் உன்னப் பைத்தியம்னுவான்."

"சொல்லிட்டுப் போறான்."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சேறு ஈரம் காயாமல் இருந்தது. வேப்பிலைக் காம்பும் ஒரு புறா இறகும் அதில் ஒட்டியிருந்தன. காலியான கையை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அலுப்பா இருக்குடி" என்றான். "படுத்தா போற அலுப்பு இல்ல. வந்துக்கினே இருக்கேன், வந்து சேரல, அந்த அலுப்பு." சிந்து அதையும் நோட்டில் எழுதினாள். எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதினாள்.

கடையில் சிந்து டிபன் டப்பாவைத் திறந்ததும் பக்கிரி, "இன்னாம்மா, எனக்குச் சாப்பாடா?" என்றார். கட்டர் சேறு என்று தெரிந்ததும் மூடச் சொன்னார், அப்புறம் ஆர்வம் வந்து அவரே கொட்டினார். முதல் மிஷின் முப்பது லிட்டர் டிரம், ஒரே மோட்டார், கார் கழுவுகிறவர்கள் வாங்குவது. கட்டைவிரல் பருமன் குழாயில் இறகு குறுக்கே மாட்டிக்கொண்டு அடைத்தது. இரண்டாவது பெட்ரோலில் ஓடுவது. எல்லாவற்றையும் விழுங்கியது, ஆனால் அட்டை குவிந்திருக்கும் இடத்தில் பெட்ரோல் எஞ்சினை அரிகரன் விடமாட்டார். மூன்றாவதில் மூன்று மோட்டார், எண்பது லிட்டர் எஃகு டிரம், இரண்டு அங்குலக் குழாய், மேலே என்ன இருக்கிறது என்று காட்டக் கம்பின் நுனியில் சின்ன கேமரா. இறகோடு ஒரே மடக்கில் போனது. மோட்டார் எத்தனை என்பதைவிடக் குழாயின் வாய் எவ்வளவு அகலம் என்பதுதான் முக்கியம் என்று சிந்து எழுதி அடிக்கோடிட்டாள். "மேலேர்ந்து கீழதான வருது, பாதி வேலய பூமியே இழுத்துக்கும்" என்றார் பக்கிரி. அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. பூமி எல்லா நேரமும் அத்தனை அக்கறையாக இழுப்பதில்லை என்பது அவள் வீட்டில் தெரிந்த விஷயம்.

கம்பு விஷயத்தில் அலுமினியம் கனம், மின்கம்பியில் பட்டால் ஆபத்து. அதனால் கார்பன் கம்பு, ஐந்தடித் துண்டுகளாக. நான்கு துண்டு இருபதடி, பிடிக்கிறவன் நெஞ்சுயரம் நான்கடி, ஆக இருபத்து நான்கு. "அஞ்சாவது துண்டும் எடுத்துக்கம்மா" என்றார் பக்கிரி. நீளம் கூடினால் கம்பு ஆடும், வரைபடம் இருபத்து நான்கு என்கிறது, காசும் இல்லை. மூன்று காரணங்களை வரிசையாக எழுதி, வேண்டாம் என்றாள்.

புரட்டாசி முதல் ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, மிஷின் ஆலைக்கு வந்தது. நவநீதனின் குதிகால் அப்போது இடுப்புயரத்தில் இருந்தது. இரண்டு நாளில் தரையைத் தொடவேண்டியவன் இவ்வளவு மேலே இருக்கிறானே என்று எல்லோரும் கவனித்தார்கள். கடைசியில் வேகமாக இறங்குவான் போலிருக்கிறது என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டார்கள். சிந்து தன் கண்ணைவிட வரைபடத்தை நம்பினாள். கல்பனா அவனுடைய நீலச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, மெத்தையும் கொண்டுவந்து சுவரோரம் வைத்திருந்தாள்.

புகழ்வேந்தன் கம்பைத் தூக்கினான். வளைந்த நுனி கட்டருக்கு மூன்றடி கீழே தகரத்தில் இடித்து நின்றது. மறுபடி தூக்கினான். மறுபடியும் அங்கேயே நின்றது. அரிகரன் போனைப் பார்க்க ஆரம்பித்தார். புகழ்வேந்தன் கம்பைக் கீழே வைத்துவிட்டு, ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான்.

சிந்து வரைபடத்தைப் பிரித்தாள். இருபத்து நான்கடி என்பது ஆலையின் உள்தரையிலிருந்து. லாரியில் சரக்கு ஏற்ற வசதியாக உள்தரையை மூன்றடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். வெளியே மண் மூன்றடி பள்ளம். மூன்று வருடமாக மேலிருந்து எண்ணியவள் ஒரு முறைகூடக் குனிந்து கீழே பார்க்கவில்லை. கம்பைக் குறைத்ததும் தேதியைப் பிசகவைத்ததும் ஒரே மூன்றடி.

"அண்ணி" என்றாள். "ஞாயித்துக்கெழம இல்ல. தை கடைசி ஆவும்."

கல்பனா மெத்தையின் மேலேயே உட்கார்ந்தாள். "சட்டைக்கு மறுபடி கஞ்சி போடணும்" என்றாள்.

அதற்குள் புகழ்வேந்தன் நான்காம் படியில் இருந்தான்.

"டேய், எறங்குடா" என்றான் நவநீதன். "ஒரு வூட்டுக்கு ஒருத்தன் வுழுந்தா போதும்."

"அப்போ யாரு புடிக்கிறது? மேல தொங்குற என் செருப்பா?"

"அந்தக் கம்ப இப்டி குடுடா."

மூன்றடி உயரத்தில் இருந்தவன் கையில் கம்பு போனதும் நுனி கட்டருக்குள் சரியாக உட்கார்ந்தது. அரிகரன் போனை இறக்கினார். "இதெல்லாம் முடியாதுப்பா. உயரத்துல ஆள் வெச்சி வேல செய்யக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"அவரு ஏறல சார்" என்றாள் சிந்து. "எறங்கிக்கினு இருக்காரு."

அரிகரன் கொஞ்சம் யோசித்தார். இறங்குகிறவர்களைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. மின்சாரம் கொடுக்கச் சொன்னார்.

மூன்று மோட்டாரும் ஓடின. சிந்து கேமராப் படத்தைப் பார்த்து இடம் வலம் சொல்ல, புகழ்வேந்தன் அண்ணனின் முழங்காலில் விரல் வைத்துச் சுவர் நெடுகத் தள்ளிக்கொண்டு போனான். இருநூறு அடி கட்டர் ஒன்றரை நாளில் முடிந்தது. பதினொரு டிரம் சேறு வந்தது, பன்னிரண்டாகவும் இருக்கலாம். கார்த்திகையில் புயல் கரையைக் கடந்த நாளில் ஊரெல்லாம் தண்ணீர் நின்றபோது அந்தக் கூரைத் தண்ணீர் முழுவதும் குழாய் வழியாக இறங்கிப் போனது. நவநீதன் வழக்கம்போல நனைந்தான். அதன் பிறகு பாகூரில் ஓர் அரிசி ஆலை, அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம் என்று வேலை வந்தது. அங்கெல்லாம் கூரை தாழ்வு. தரையில் நின்றே புகழ்வேந்தன் பிடித்தான். அவன் வாங்கிய புதுச் செருப்பு ஜோடியாகவே இருந்தது. பழைய செருப்புக்கு 2027 பிப்ரவரி என்று சிந்து தேதியை மாற்றி எழுதினாள். ஐந்தாவது துண்டுக்குச் சொல்லிவைத்திருந்தாள். வரும் வரும் என்று பக்கிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

திருவாண்டார்கோயிலில் மாதம் ஒரு முறை நவநீதன் பிடித்தான். ஐப்பசியில் கம்பை நெஞ்சோடு வைத்துப் பிடித்தவன், மார்கழியில் முகத்துக்கு நேரே பிடித்தான். தையில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

தை இருபத்து மூன்றாம் நாள், புதன்கிழமை, வேம்பு இலை உதிர்க்கத் தொடங்கியிருந்தது. கல்பனா சாப்பாட்டோடு வந்துவிட்டாள். கட்டரில் இன்னும் அறுபதடி பாக்கி இருந்தது.

"சிந்து, எட்டலடி" என்றான் நவநீதன்.

குழாய் எங்கேயோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து அவள் மோட்டாரை நிறுத்தினாள். "கொஞ்சம் தூக்கிப் புடிண்ணா."

"தூக்கித்தான்டி புடிச்சிக்கினு இருக்கேன்."

அவள் இந்தத் தடவை குனிந்து பார்த்தாள். அவன் குதிகால் சரளைக்கல்லில் அழுந்தியிருந்தது. விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது நடந்திருக்க வேண்டும். எந்த நிமிடம் என்று அவளால் எழுத முடியவில்லை. மெத்தை எட்டடி தள்ளி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. புகழ்வேந்தன் வந்து அண்ணன் கையிலிருந்து கம்பை வாங்கி, நான்கு துண்டையும் கழற்றித் துடைத்து வைத்தான். பாக்கி அறுபதடியை ஐந்தாவது துண்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அரிகரனிடம் சொல்லப்பட்டது. அவர் சரி என்றார்.

கல்பனா பழக்கத்தில் டிபன் கேரியரைத் தூக்கி நீட்டினாள். பிறகு கையை இறக்கி அதைத் தரையில் வைத்தாள். நவநீதன் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். ரசம் இன்னும் கொஞ்சம் கேட்டான்.