ஆறாவது பத்து

அக்டோபர் முழுக்கத் தினம் ஒரு வீட்டில் செபமாலை, பத்துப் பத்து மணியாக எண்ணி மாதாவுக்குச் சொல்லும் செபம். நாலைந்து தெருக்களின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில் அதுதான் வழக்கம். ஜெனி விளாங்குடிக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் இங்கே இருப்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அன்பியத் தலைவர் ஆசீர்வாதம், "வியாழக்கிழமை உங்க வீடும்மா" என்றபோது சரி என்றுவிட்டாள். அன்றே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பெயர், தெரு, கதவு எண், மாடி. அழிக்கச் சொல்ல அவள் போன் செய்வதற்குள் எண்பது பேர் பார்த்திருந்தார்கள்.

வியாழன் சாயங்காலம் இரண்டாவது பத்து நடக்கும்போது ஸ்டீபன் வந்தான். வெள்ளைச் சட்டை. கையில் மாதா படத்துக்கு மல்லிகை. "ஜெனி வீட்டுக்காரர்ங்க. வெளியூர் வேலை, இன்னிக்குத்தான் லீவு கெடச்சது" என்றான். எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அவன் கதவை ஒட்டி உட்கார்ந்தான்.

கல்யாணமான முதல் வருடம் அவள் போனின் பூட்டு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு அவள் கிளார்க்காக இருந்த பள்ளிக்கு எதிரே டீக்கடையில் தினமும் நின்றான். அக்கறை என்றார்கள் டீச்சர்கள். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். அடி விழத் தொடங்கியதும் அதற்குக் கோபம் என்று பெயர் வைத்தாள். முகத்தில் மட்டும் அடிக்க மாட்டான். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஹாஸ்டலுக்கு ஓடினாள். மூன்றாம் நாள் வாசலில் நின்றான். டீக்கடையில் நின்றதும் அடித்ததும் ஒரே வேலை என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. "இன்னொரு தடவை ஓடினா கூப்பிட வரமாட்டேன், முடிக்கத்தான் வருவேன்" என்று திரும்பக் கூட்டிப்போகும்போது அமைதியாகச் சொல்லியிருந்தான்.

நான்காவது பத்தில் அவள் சமையலறைக்கு எழுந்து போனாள். சுண்டல் எடுக்க ஆசீர்வாதம் பின்னால் வந்தார்.

"அண்ணே, போகும்போது அவரையும் கூட்டிட்டுப் போயிருங்க. என்னையக் கொன்னுருவாரு."

அவர் சிரித்தார். "நல்லா இருக்கும்மா நீ பேசுறது. வழி சொன்னதே நான்தான். குழுவுல அவுக சித்தி மகன் இருக்காராம், அவரு காட்டி, இவரு எனக்குப் போன் பண்ணாரு. எம்புட்டு அழுதாரு தெரியுமா?"

"அழுவாரு. அடிச்சு முடிச்சும் அழுவாரு."

"குடும்பம்னா ஆயிரம் இருக்கும். தட்டைக் குடு."

திரும்பி வந்தபோது ஜன்னலோரம் சார்ஜில் கிடந்த அவள் போனைக் காணோம். ஸ்டீபனின் சட்டைப் பை கனத்துத் தொங்கியது.

ஐந்தாவது பத்து முடிந்தது. செபமாலைக்கு ஐந்துதான். பாயில் இருந்தவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழப் போனார்கள். ஜெனி மாலையின் முதல் மணிக்குத் திரும்பி மறுபடி தொடங்கினாள்.

"புருசனைப் பாத்த சந்தோசத்துல எண்ணிக்கையே மறந்துபோச்சு" என்றாள் பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி. சிரித்தார்கள்.

"யாரும் போகாதீங்க" என்றாள் ஜெனி.

"ஏன், இன்னும் சுண்டல் இருக்கா?"

அவள் அருள் நிறைந்த மந்திரத்தின் முன்பாதியைச் சொன்னாள். மரியாதைக்கு, "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்" என்று முடியும் பின்பாதியைச் சொன்னார்கள். ஏழாவது பத்தில் ஒருவருக்குப் பஸ். எட்டாவதில் பாக்கியமேரிக்கு அடுப்பு. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனபின், கடைசியாக ஆசீர்வாதம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "வாரேன் மாப்ள" என்று ஸ்டீபன் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார். படியில் செருப்புச் சத்தம் கீழே போய் நின்றது.

அவள் நிறுத்தவில்லை. அடுத்த மணியைப் பிடித்தாள். முன்பாதியை முடித்தாள்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டே, நிதானமாக, ஒரு வார்த்தை பிசகாமல், ஸ்டீபன் பின்பாதியைச் சொன்னான்.