பறித்துப் போட்ட நாற்று

மரணத்தின் முன்னால் இந்த உலகத்தின் அத்தனை வேலைகளும் கைகட்டி நின்றுவிடும். பறித்துப் போட்ட நாற்று மட்டும் நிற்காது. அதற்கு மரணமும் தெரியாது, மரியாதையும் தெரியாது. ஒரு நாள் பொறுக்கும், மறுநாள் பழுத்துவிடும்.

அதனால்தான் முத்துப்பேச்சி, புருஷன் மேல் விழுந்து அழுதுகொண்டே, அவர் இடுப்பு அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த மேல வயல் மோட்டார் ரூம் சாவியை ஒற்றைக் கையால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ரீசர் பெட்டிக்காரன் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். இருளப்பசாமி எதையும் இறுக்கி முடிச்சுப் போடுகிற ஆள். லேசில் வரவில்லை.

"விடுத்தா, எம்புட்டு நேரம் இப்படியே கெடப்ப" என்று பெண்கள் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

"செத்த நேரம் இருங்க" என்றாள் அழுகைக்கு நடுவில். சாவி கைக்கு வந்ததும் தானாகவே எழுந்துகொண்டாள்.

அன்று விடிகாலையில்தான் அவர் மேல வயலுக்குப் போய், முந்தின சாயங்காலம் இருவரும் சேர்ந்து பறித்துக் கட்டிய நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "இன்னைக்காவது காப்பியில சீனி போடு" என்றார். சர்க்கரை வியாதிக்காரர். அவள் சீனி போட்டு வருஷக்கணக்காகிறது. நடவு நாளாச்சே என்று அன்று ஒரு கரண்டி போட்டாள். டம்ளரோடு வந்தபோது அவர் சுவரில் சாய்ந்திருந்தார், அவ்வளவுதான். அந்தக் காப்பியைப் பிறகு துக்கத்துக்கு வந்த யாரோ எடுத்துக் குடித்துவிட்டார்கள்.

அவருடைய தம்பி கண்ணுச்சாமி வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மம்சாபுரத்தில் எந்தச் சாவுக்கும் முறை சொல்கிறவர் அவர்தான். முறை தெரியாத இடத்தில் உண்டாக்கியும் சொல்வார்.

"பதினாறு கழியாம பங்காளி யாரும் வயல்ல காலு வைக்கக் கூடாது" என்றார், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும். "எனக்குந்தான் வயலு உழுது கெடக்கு. நான் நட்டுக்கிட்டா இருக்கேன்? எங்கண்ணனுக்குச் செய்யிற மரியாதை இது."

உண்மைதான். பக்கத்து வயல் அவருடையது. ஒரே டிராக்டர்தான் இரண்டையும் சேறாக்கித் தொளி அடித்திருந்தது. ஆனால் கண்ணுச்சாமியின் நாற்று இப்போதுதான் பாவி முளைத்துப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. பதினாறு கழித்து நட்டால்தான் அதற்குப் பக்குவமாக இருக்கும். மரியாதைக்கு இவ்வளவு தோதான நாற்று எல்லோருக்கும் அமைந்துவிடுவதில்லை.

முத்துப்பேச்சிக்கு அமையவில்லை. அவள் நாற்று வரப்பில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. இது போனால் மறுபடி பாவி வளர்க்கிறவரை கிணறு தாங்காது. வயல் தரிசாகக் கிடக்கும். தரிசு வயலுக்கு மகன் ஜெயபாண்டியிடம் எப்போதும் ஒரே யோசனைதான் உண்டு: பிளாட். ராஜபாளையத்தில் அவனுக்கு அதுதான் தொழில். கல் ஊன்ற இடம் பார்க்க வருகிறவனைப் போல மேல வயலுக்கு அவன் வருவதும், அப்பா அவனை வரப்பிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவதும் மூன்று வருஷமாக நடந்துவந்தது. இனி நிறுத்த ஆள் இல்லை. நெல் நின்றால்தான் உண்டு.

ஜெயபாண்டி கட்சியிலும் இருந்தான். அப்பாவைப் பெட்டியில் வைப்பதற்கு முன்பே தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. 'உழவர் குலத்தின் விடிவெள்ளி' என்று போட்டிருந்தது. சட்டைப் பித்தானை முழுசாகப் போட்டறியாத இருளப்பசாமி அதில் நீலக் கோட்டு மாட்டி, பின்னால் யாருடையதோ ஒரு டிராக்டர் வர, ஊரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எப்பய்யா தூக்குறீக?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"மாவட்டம் வரணும்மா." மாவட்டச் செயலாளரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "மலர்வளையத்தோட வாராரு. அவரு வராமத் தூக்குனா எனக்குக் கேவலம்."

"வெயிலு ஏறுதுல்ல."

"ஏசிப் பெட்டிதானம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் வெயில் என்றது அப்பாவுக்காக இல்லை.

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற நேரம் வந்தது. மகனும் பங்காளிகளும் கொட்டு முழங்கக் குடத்தோடு போய் எடுத்து வர வேண்டும், நீர்மாலை.

"தெருமுக்குச் சின்டெக்ஸ்ல புடிச்சிக்கிருவோம்" என்றார் கண்ணுச்சாமி. "இப்பல்லாம் அதான் முறை."

முத்துப்பேச்சி தலையைத் தூக்கினாள். "அவியள அவிய கெணத்துத் தண்ணியிலதான் குளிப்பாட்டணும்." சாவியை மகனிடம் நீட்டினாள்.

மறுத்துப் பேச முடியாத பேச்சு. இரண்டு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"போட்ட மோட்டாரை அணைச்சிராத. அவியளத் தூக்குற வரைக்கும் ஓடணும்."

"இது என்ன முறை மதினி? நான் கேள்விப்பட்டதில்லையே" என்றார் கண்ணுச்சாமி.

"எங்கய்யா செத்தப்பயும் அப்படித்தான் செஞ்சாக."

"அப்ப ஏது மோட்டாரு? கமலையில்ல."

"கமலதான் ஓடுச்சு கொழுந்தனாரே. மாடு மாத்தி மாத்திப் பூட்டுனாக."

கண்ணுச்சாமி யோசித்தார். தனக்குத் தெரியாத முறை ஒன்று உலகத்தில் இருப்பதை ஒப்புக்கொள்வதைவிட, அது முன்பே தெரியும் என்பது கௌரவம்.

"ஆமா, அது பழைய முறை" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "நாந்தான் சொல்ல மறந்துட்டேன்."

கொட்டு முழங்கப் போய்க் குடம் நிறைத்து வந்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்குள் கூமாப்பட்டியிலிருந்து நடவு ஆள்கள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் மில் வேனில் ஏறிப் போய்விடுவதால் நடவுக்கு வெளியூர்தான். கூட்டி வந்த அய்யம்மாளுக்குத் தெருமுனை ஃப்ளெக்ஸைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. கோட்டைப் பார்த்து முதலில் வேறு யாரோ என்று நினைத்தாளாம். வந்த காலோடு உள்ளே வந்து முத்துப்பேச்சியின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். முத்துப்பேச்சி அவள் தலையோடு தலை முட்டி ராகத்தை எடுத்தாள்.

"எஞ்சாமி போயிட்டாகளே... மேல வயல்ல தண்ணி பாயுதே..."

அய்யம்மாள் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு அவளும் ராகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நாத்து வரப்புல காயுதே யக்கா... நாங்க எப்படி எறங்குவோம்..."

"ஒட்டா ஒறவா ஒங்களுக்கு... ஒரு தீட்டும் இல்லையேடி..."

"எது வரைக்கும் ஒங்க வயலு... காட்டித் தர ஆளில்லையே..."

"தண்ணி நிக்கிற எடம் பூரா... நம்மளதுதானே எந்தாயி..."

ராகம் அப்படி இருந்ததால் யாரும் வார்த்தைக்குள் போகவில்லை. "எங்கேயிருந்தோ வந்தவ, என்னமா உருகுதா பாரு" என்றாள் ஒருத்தி. கண்ணுச்சாமிகூடத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அய்யம்மாள் மூக்கைத் துடைத்தபடி வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் லோடு ஆட்டோ மேற்கே போகிற சத்தம் கேட்டது.

உச்சி வெயிலில் ஜெயபாண்டி போனைக் காதில் வைத்தபடியே வந்தான். "மாவட்டம் ஒரு காதுகுத்து வீட்டுல மாட்டிக்கிட்டாராம்மா. எப்ப வருவாருன்னு தெரியல. தூக்கிருவமா?"

"அவரு வரட்டும்யா" என்றாள் முத்துப்பேச்சி. "என்ன அவசரம். ஒங்கப்பாவுக்கு வளையம் வைக்க இனி யாரு வரப் போறா."

ஜெயபாண்டி போனை இறக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தான். தன் அரசியலை அம்மா மதித்தது அன்றைக்குத்தான்.

மாவட்டம் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. போட்டோ எடுப்பவன் இடம் பிடிக்கும்வரை மலர்வளையத்தைக் கையிலேயே வைத்திருந்தார். "அய்யா பேரு என்ன?" என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டார். "சொந்த டிராக்டரா?" என்றும் கேட்டார். பிறகு அடுத்த வீட்டுத் துக்கத்துக்கோ சந்தோஷத்துக்கோ கிளம்பிப் போனார்.

இருளப்பசாமியைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டினார்கள். அரைஞாண் கயிற்றின் முனை அவிழ்ந்து தொங்கியது. முத்துப்பேச்சி குனிந்து அதை முடிந்தாள்.

"சுடுகாட்டுல போயி அறுத்துறப் போறாக. இது எதுக்குத்தா?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

முத்துப்பேச்சி அதைப் பிரித்து மறுபடி முடிந்தாள். அவர் போடுகிற மாதிரி வரவில்லை.

நிமிர்ந்தபோது வாசல் கூட்டத்துக்குப் பின்னால் அய்யம்மாள் நின்றாள். முழங்கால் வரைக்கும் சேறு. முத்துப்பேச்சியைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். அதற்கப்புறம்தான் முத்துப்பேச்சி அழுதாள். அந்த அழுகையில் ராகம் இல்லை, சத்தமும் இல்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் தெரு திரும்பியது தெரியாமல், காலியான ஃப்ரீசர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ வந்து மோட்டாரை அணைத்துவிடலாமா என்று கேட்டார்கள். தலையாட்டினாள்.

சுடுகாட்டுக்குப் போகிற வழி மேல வயலை ஒட்டித்தான். போனவர்கள் நட்டு நின்ற வயலைப் பார்த்தார்கள். கண்ணுச்சாமியும் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு வரப்புப் பக்கம் உற்றுப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தார் என்று பிற்பாடு சொன்னார்கள். காரியத்துக்குக் கல் வைத்த அன்றும் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கருமாதியில் பந்திக்கு முறை சொன்னதோடு சரி.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள் காலையில் முத்துப்பேச்சி மேல வயலுக்குப் போனாள். நாற்று வேர் பிடித்து நிமிர்ந்து நின்றது. ஜெயபாண்டி முந்தின நாளே பார்த்துவிட்டு, "அறுப்பு முடியட்டும்மா, பேசிக்கிரலாம்" என்று ராஜபாளையம் போயிருந்தான். அறுப்பு முடிந்தால் அடுத்த நாற்றுப் பாவுகிற எண்ணத்தில் அவள் இருந்தாள்.

கண்ணுச்சாமி பக்கம் இருந்த வரப்பைத் தேடினாள். வருஷா வருஷம் வரப்பு வெட்டும்போது அவர் தன் பக்கம் ஒரு விரல்கடை கூடச் சேர்த்துச் செதுக்கிவந்ததில், அது வரப்பு என்பதைவிடக் கோடு என்று சொல்லும்படி ஆகியிருந்தது. நாள் முழுக்க ஓடிய மோட்டார் தண்ணீரில் அந்தக் கோடும் முங்கிப்போய், அய்யம்மாளின் ஆள்கள் தண்ணீர் நின்ற இடம் பூராவும் நட்டுக்கொண்டே போயிருந்தார்கள். கண்ணுச்சாமி வயலுக்குள் அகலமாக ஒரு பட்டை, முத்துப்பேச்சியின் நாற்று.

கண்ணுச்சாமியே மண்வெட்டியோடு அங்கே நின்றார்.

"தீட்டுல நட்டது" என்றார், அவள் கேட்காமலே. "ஆனாலும் நட்டதைப் பிடுங்க முறை இல்ல மதினி."

"நீங்க சொன்னாச் சரிதான் கொழுந்தனாரே."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார். முத்துப்பேச்சி குனிந்து பார்த்தாள். அவள் வயலின் நாற்று இளம்பச்சையாக இருந்தது. யூரியா இன்னும் வாங்கவே இல்லை. அவர் வயலுக்குள் நின்ற பட்டை மட்டும் கருகருவென்று பச்சை கட்டியிருந்தது. யூரியா போட்டு ஒரு வாரமாவது ஆகியிருக்கும்.