ஃபெயிலாக ஆசைப்பட்ட கண்டக்டர்

அந்த முதியோர் இல்லத்தில் மாதம் ஒரு பரீட்சை. மனசு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பதினைந்து கேள்விகள். ஐந்துக்கு மேல் சோகமான பதில் வந்தால் ஃபெயில். ஃபெயிலானவர்களின் கட்டிலருகே வியாழன்தோறும் ஆலோசகர் அம்மா நாற்காலி போட்டு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவார்.

ரிட்டயரான பஸ் கண்டக்டருக்கு இந்தத் தடவை எப்படியாவது ஃபெயிலாகிவிட வேண்டும். மனைவி போய் ஐந்து மாதம். காலையில் கண் விழித்தால், எதற்கடா விழித்தோம் என்றிருக்கிறது. அந்த அரை மணி நேரத்தை வாய்விட்டுக் கேட்பாரா மனுஷன்? முப்பது வருஷம் பஸ்ஸையே சிரிக்க வைத்தவர் ஆயிற்றே! பக்கத்துக் கட்டில் தையல்காரருக்கோ யோகம். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். மாதாமாதம் ஃபெயில், வாராவாரம் அரை மணி நேரம். கண்டக்டருக்கு வயிறெரிந்தது.

திங்கட்கிழமை நர்ஸ் தாளும் பேனாவுமாக வந்தாள்.

"வாழ்க்கை வெறுமையா இருக்குன்னு தோணுதா, ஐயா?"

"ஆமாம்மா. கடைசி ட்ரிப் முடிஞ்சு டெப்போவுக்குப் போற பஸ் மாதிரி இருக்கு. ஒரு ஈ காக்கா இல்ல."

நர்ஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, 'இல்லை'யில் டிக் அடித்தாள்.

"அடிக்கடி அழணும்போல இருக்கா?"

"தலகாணிய தினம் வெயில்ல காயப்போட வேண்டியிருக்கும்மா."

"ஐயோ, உங்க வாய் இருக்கே!" இன்னொரு 'இல்லை'.

அடிப்பாவி, நிஜத்தைத்தானே சொல்கிறேன் என்று கத்தலாம் போலிருந்தது. கத்தினால் அதற்கும் சிரிப்பாள். பதினைந்து கேள்வியும் முடிந்தபோது அவருக்கு முழுப் பாஸ். மறுநாள் நோட்டீஸ் போர்டில் போட்டோவே ஏறிவிட்டது: 'இந்த மாதத்தின் மகிழ்ச்சியான மனிதர். மனம் சோர்ந்தவர்கள் இவரிடம் பேசலாம்.' சாயங்காலமே இரண்டு பேர் வந்து பேசினார்கள். சிரிக்க வைத்து அனுப்பிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆலோசகர் அம்மா வழக்கம்போல் தையல்காரர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்டக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நேத்து தூங்கினீங்களா, ஐயா?"

"எங்கம்மா தூங்குறது?" என்றார் தையல்காரர். ஒரு மாதத்து வார்த்தைகளைச் சேர்த்து வைத்தவர்போல் அன்று கொட்டினார். "ராத்திரி பூரா இந்தாளு போர்வைக்குள்ள அழறாரு. அஞ்சு மாசமா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. தூங்காதவன் எந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லுவான்? ரோஷக்காரர், சொன்னா கோவிச்சுக்குவாருன்னு பொறுத்துப் பார்த்தேன். போர்டுல அந்தப் போட்டோவப் பார்த்ததும் பொறுக்கல. நாற்காலிய அந்தப் பக்கம் திருப்புங்க."

நாற்காலி திரும்பியது. கண்டக்டரும் திரும்பினார். நாக்கு நுனியில் ஒரு ஜோக் தயாராக நின்றது.

"கண்டக்டரே, ஜோக்கு கீக்கு சொன்னீங்க, தொலைச்சுடுவேன்!" என்று அதட்டினார் தையல்காரர்.

கண்டக்டர் அதை விழுங்கிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"அரை மணி போதாதும்மா" என்றார்.

ஆலோசகர் அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டார். பக்கத்துக் கட்டிலில் அதற்குள் குறட்டை ஆரம்பித்திருந்தது.